குறும்பட எடிட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் படத்தையோ இரண்டாவது படத்தையோ எடுத்து முடித்துவிட்டு எடிட்டிங்கில் உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதனால் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. நான் படம் இயக்குவதில்லை, வெட்டுவது மட்டும்தான். அந்தச் சாய்வு பதில்களில் தெரியும்.

ஷூட்டிங் முடிந்துவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

காப்பி எடுப்பதிலிருந்து. மெமரி கார்டை அழிக்கும் முன் ஃபுட்டேஜ் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். இரண்டு, தனித்தனி டிரைவில். மூன்றாவது, வேறோர் இடத்திலோ கிளவுடிலோ. ஒரே ஹார்ட் டிஸ்கில் இரண்டு ஃபோல்டராகப் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தேதான் போகும். கார்டில் ஃபோல்டர்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே காப்பி செய்யுங்கள். வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் சில கேமராக்களில் கூடவே எழுதப்படும் தகவல்கள் தொலைந்துவிடும்.

அடுத்தது சிங்க், அதாவது படத்தையும் ஒலியையும் பொருத்துவது. ஆடியோவைத் தனி ரெக்கார்டரில் எடுத்திருந்தால், க்ளாப் கட்டைகள் ஒட்டும் ஃப்ரேமையும் ஆடியோ அலைவடிவில் சட்டென்று எழும் முள்ளையும் பொருத்த வேண்டும். சாஃப்ட்வேரே இதைச் செய்துவிடும் என்றாலும் ஒவ்வொரு டேக்கையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ப, ம வரும் இடங்களில் உதடு மூடுகிறதா என்று பார்த்தால் போதும். ஒரு ஃப்ரேம் தள்ளியிருந்தாலும் அங்கே காட்டிக் கொடுத்துவிடும்.

எல்லா டேக்கையும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? டைரக்டர் ஓகே சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன?

பாருங்கள். என்.ஜி. (நோ குட், அதாவது சரியில்லை) என்று குறித்ததையும் பாருங்கள். ஒரு டேக் என்.ஜி. ஆனதற்குக் காரணம் கடைசி வரியை நடிகர் மறந்ததாக இருக்கும். அதற்கு முன்னால் அவர் தலையைத் திருப்பிய விதம் வேறெந்த டேக்கிலும் கிடைத்திருக்காது. ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முந்தைய நொடிகளும் ‘கட்’ சொன்ன பிறகான நொடிகளும்கூட அப்படித்தான். நடிகர் நடிப்பதாக நினைக்காத நேரம் அது. மௌனமாக ஒரு ரியாக்‌ஷன் வேண்டுமென்றால் நான் முதலில் தேடுவது அங்கேதான்.

முதல்முறை பார்க்கும்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள். ஓடவிட்டு, எங்கே சிரித்தீர்கள், எங்கே கவனம் போனது என்று மட்டும் கிறுக்கி வையுங்கள். இந்தப் படத்துக்கு நீங்கள் பார்வையாளராக இருக்கப் போவது அந்த ஒரு தடவைதான். ஃபோகஸ், மைக் நிழல் போன்ற கணக்கெல்லாம் இரண்டாம் முறைக்கு.

ஷூட்டிங்கில் கூடவே இருந்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘இந்த ஷாட்டுக்காக வெளிச்சம் வரும்வரை காத்துக்கிடந்தோம்’ என்ற ஞாபகம் ஷாட்டின்மேல் ஒட்டிக்கொண்டு வரும். பார்க்கிறவருக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது, ஷாட் மட்டும்தான் தெரியும். கீழே சொல்லப்போகும் பல விஷயங்கள் இந்த ஞாபகத்தை எப்படிக் கழற்றி வைப்பது என்பதைப் பற்றியவைதான்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது? என் லேப்டாப் திணறுகிறதே?

ஏற்கெனவே பழகியது எதுவோ அது. புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே குறும்படத்துக்குத் தாராளம். 3840×2160 வரை, நொடிக்கு 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யும். கலரும் சவுண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சுமாரான கம்ப்யூட்டர் என்றால் கேடென்லைவ், ஷாட்கட் இருக்கின்றன.

திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை. எச்.264, எச்.265 ஃபைல்களில் எல்லா ஃப்ரேமும் முழுசாக இருக்காது. முந்தைய, பிந்தைய ஃப்ரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதுதான் பதிவாகியிருக்கும். டைம்லைனில் ஒரு இடத்தில் போய் நிற்க, கம்ப்யூட்டர் சுற்றியுள்ள ஃப்ரேம்களை எல்லாம் கணக்குப் போட வேண்டும். ப்ராக்ஸி உருவாக்குங்கள். சின்ன அளவில், ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி வடிவில் ஒரு நகல். அதை வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் ஒரிஜினலுக்கு மாறிக்கொள்ளலாம்.

மொபைலில் எடுத்தோம். ஆரம்பத்தில் சிங்க் சரியாக இருக்கிறது, போகப் போக உதடு ஒருபக்கம் சத்தம் ஒருபக்கம். ஏன்?

பெரும்பாலான மொபைல்கள் மாறும் ஃப்ரேம் ரேட்டில் பதிவு செய்கின்றன. 30 என்று போட்டிருந்தாலும் வெளிச்சத்துக்கும் போனின் சூட்டுக்கும் ஏற்ப அது கூடிக் குறையும். எடிட்டிங் சாஃப்ட்வேர் நிலையான ரேட்டை எதிர்பார்க்கிறது. ஹேண்ட்பிரேக் போன்ற ஒரு சாஃப்ட்வேரில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள். எடிட்டைத் தொடங்கிய பிறகு மாற்றினால் வேலை இரட்டிப்பு.

ரஃப் கட்டைப் பார்த்தேன். படமே போச்சு என்று தோன்றுகிறது.

எல்லோருக்கும் தோன்றும். ஸ்கிரிப்ட் வரிசையில் காட்சிகளை அடுக்கி, எதையும் விடாமல் போட்டுப் பார்த்தால் படம் லேக் அடிக்கத்தான் செய்யும். இந்தக் கட்டத்தில் இரண்டு ஃப்ரேம் கூட்டி, மூன்று ஃப்ரேம் குறைத்து நேரத்தைப் போக்காதீர்கள். கேட்க வேண்டியது பெரிய கேள்விகள். ஒரே தகவல் இரண்டு காட்சிகளில் வருகிறதா? எந்தக் காட்சியை எடுத்தால் கதை புரியாமல் போகும்? எதை எடுத்தால் யாருக்குமே தெரியாது?

ஒரு சோதனை: முதல் காட்சியை முழுசாகத் தூக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அலாரம் அடிக்கிறது, நாயகன் எழுந்திருக்கிறான், பல் விளக்குகிறான், கண்ணாடியில் தன்னையே வெறிக்கிறான், டைட்டில். இப்படித் தொடங்கும் படங்களை வெட்டிப் போரடித்துவிட்டது எனக்கு. கதை பெரும்பாலும் அதற்கு அடுத்த காட்சியில்தான் தொடங்குகிறது. கடைசிக் காட்சிக்கும் இதையே செய்து பாருங்கள். முடிந்த பிறகும் படம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ஸ்கிரிப்ட்டை இப்போது மூடி வைத்துவிடலாம். அதில் எழுதியிருந்தும் ஃபுட்டேஜில் வராத விஷயங்கள் உண்டு, எழுதாமலேயே வந்து உட்கார்ந்தவையும் உண்டு. கையில் இருப்பது ஃபுட்டேஜ் மட்டும்தான்.

ஒரு ஷாட்டை எங்கே வெட்டுவது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு காட்சி. அண்ணனும் தம்பியும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டை விற்க அண்ணனின் கையெழுத்து வேண்டும். “எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லடா, நீயே பாத்து செய்” என்கிறார் அண்ணன். அண்ணனுக்கு ஒரு க்ளோஸ்-அப், தம்பிக்கு ஒரு க்ளோஸ்-அப், இரண்டு பக்கமும் சஜஷன் ஷாட் (ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டுவது), பேனாவை மட்டும் அருகில் காட்டும் ஓர் இன்சர்ட் எடுத்திருக்கிறார்கள்.

முழு வரியையும் அண்ணனின் முகத்திலேயே ஓட்டினால் அவர் பெருந்தன்மையான மனிதர். ‘ஆட்சேபணை’ என்ற சொல்லில் வெட்டி, மீதியைத் தம்பியின் முகத்தின்மேல் கேட்கவிட்டால் காட்சி தம்பியுடையதாகிவிடும். அவனுக்கு நிம்மதியா, குறுகுறுப்பா என்று தேட ஆரம்பிப்போம். வரி முடிந்தும் வெட்டாமல் அண்ணன் முகத்திலேயே இன்னும் ஒரு நொடி, அதாவது 24 ஃப்ரேம், நின்று பாருங்கள். ஆட்சேபணை இல்லை என்று அவர் சொன்னதில் நமக்குச் சந்தேகம் வந்துவிடும். மேலும் ஒரு நொடி நின்றால், இவர் கையெழுத்துப் போடப் போவதில்லை என்றே முடிவு கட்டிவிடுவோம். நடிப்பு மாறவில்லை, வசனம் மாறவில்லை. வெட்டிய இடம் மட்டும்தான் மாறியது.

ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்து பார்த்த சோதனை இதன் அடிப்படை. நடிகர் இவான் மொஸ்யூகினின் சலனமற்ற ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு சேர்த்து ஒட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம் என்று வெவ்வேறு உணர்ச்சிகளை அந்த முகத்தில் கண்டார்கள் என்பது அதுபற்றிய பதிவு. பக்கத்து ஷாட்தான் முகத்துக்கு அர்த்தம் கொடுக்கிறது.

அமெரிக்க எடிட்டர் வால்ட்டர் மர்ச் ஒரு நல்ல கட்டுக்கு ஆறு அளவுகோல்களைச் சொல்லி மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்ப்பவரின் கண் திரையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 7. மிச்சமுள்ளவை திரையில் இடம்-வலம் பிசகாத ஒழுங்கும், காட்சி நடக்கும் இடத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற தொடர்ச்சியும். இரண்டும் சேர்ந்து 9. எண்களை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி 9-க்காகத்தான் உயிரை விடுகிறார்கள்.

நடைமுறையில் செய்து பார்க்க: ஷாட்டை ஓடவிட்டு, போதும் என்று தோன்றும் நொடியில் யோசிக்காமல் மார்க்கரைத் தட்டுங்கள். மறுபடி ஓடவிட்டு, பழைய மார்க்கரைப் பார்க்காமல் தட்டுங்கள். இரண்டும் ஒன்றிரண்டு ஃப்ரேமுக்குள் விழுந்தால் அங்கே வெட்டலாம். எங்கெங்கோ விழுந்தால் அந்த ஷாட்டில் எதைப் பார்க்கிறோம் என்பதே உங்களுக்கு இன்னும் முடிவாகவில்லை.

கன்டினியூட்டி இடிக்கிறது. ஒரு ஷாட்டில் பேனா மூடியோடு, அடுத்ததில் மூடியில்லாமல். என்ன செய்ய?

முதலில், யாராவது கவனிக்கிறார்களா என்று பாருங்கள். அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேனா மூடியை யாரும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. நடிப்பு நன்றாக இருக்கும் டேக்கில் கன்டினியூட்டி தவறி, கன்டினியூட்டி சரியாக இருக்கும் டேக்கில் நடிப்பு சப்பென்று இருந்தால் நான் யோசிக்காமல் நடிப்பை எடுத்துக்கொள்வேன்.

உண்மையிலேயே உறுத்தினால், நடுவில் தம்பியின் ரியாக்‌ஷனுக்குப் போய்த் திரும்பி வாருங்கள். அந்த இடைவெளியில் அவர் மூடியைக் கழற்றியிருப்பார் என்று பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். அல்லது அசைவின் நடுவில் வெட்டுங்கள். கை எழத் தொடங்குவது முதல் ஷாட்டில், மேசைக்கு வருவது அடுத்ததில். கண் அசைவின் பின்னால் போகும், மற்றதை விட்டுவிடும்.

இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பது போல இருக்கிறது.

கேமரா 180 டிகிரி கோட்டைத் தாண்டிவிட்டது, அதாவது இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் மறுபக்கம் போய்விட்டது. ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போடலாம். ஆனால் சட்டைப் பாக்கெட், வாட்ச், தலை வகிடு, பின்னால் இருக்கும் காலண்டர் எழுத்து என்று ஏதாவது ஒன்று மாட்டிவிடும். நன்றாகத் துழாவிவிட்டுத் திருப்புங்கள். முடியாவிட்டால் இடையில் இருவரையும் சேர்த்துக் காட்டும் மாஸ்டர் ஷாட்டையோ இன்சர்ட்டையோ வையுங்கள்.

ஃபேட் (படம் மெல்லக் கறுப்பாவது), டிஸ்ஸால்வ் (ஒரு ஷாட் அடுத்ததில் கரைவது) எல்லாம் எப்போது?

அரிதாக. இரண்டு ஷாட் ஒட்டவில்லை என்பதை மறைப்பதற்காகப் போட்டால், ஒட்டவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

காட்சி சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்டு வெட்டாகத் தெரிகிறது.

அநேகமாகப் பிரச்சினை சவுண்டில். ஒவ்வொரு ஷாட்டிலும் படமும் ஒலியும் ஒரே ஃப்ரேமில் வெட்டப்பட்டால், ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் கட்டுக்குக் கட்டு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் வெட்டைக் காட்டிக்கொடுக்கிறது. இதற்கு மருந்து ரூம் டோன். ஷூட்டிங் இடத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் பதிவு செய்த வெறும் சத்தம். அதைக் காட்சி முழுவதும் அடியில் ஓடவிடுங்கள். எடுக்கவில்லையென்றால் வசனங்களுக்கு இடையிலிருக்கும் மௌனத் துணுக்குகளைச் சேர்த்து ஒரு லூப் தயாரிக்கலாம். கூட மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, ஒலியையும் படத்தையும் தள்ளித் தள்ளி வெட்டுவது. அடுத்த ஷாட்டின் ஒலி முன்னதாக வந்தால் ஜே கட். முந்தைய ஷாட்டின் ஒலி அடுத்த படத்தின்மேல் தொடர்ந்தால் எல் கட். மேலே சொன்ன ‘ஆட்சேபணை’ வெட்டு எல் கட்தான்.

சஜஷன் ஷாட்டில் ஒரு சௌகரியம் உண்டு. முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரின் உதடு தெரியாது. அவர் வசனத்தை வேறொரு டேக்கிலிருந்து எடுத்து வைக்கலாம், ஒரு வரியை முழுசாகத் தூக்கலாம், இல்லாத இடைவெளியை உருவாக்கலாம். தாடை அசைவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் பதில் சொல்லத் தயங்கும் அந்த நொடி, தம்பியின் முதுகுக்குப் பின்னால் நாம் தயாரித்ததாகக்கூட இருக்கலாம்.

எடிட் செய்யும்போதே பாட்டோ இசையோ போட்டு வெட்டலாமா?

மாண்டேஜ் (துண்டு துண்டான ஷாட்களை அடுக்கும் பகுதி) என்றால் சரி. வசனக் காட்சி என்றால் முதலில் இசையே இல்லாமல் வெட்டுங்கள். வேறொரு படத்தின் பின்னணி இசையைத் தற்காலிகமாக (டெம்ப்) போட்டுவிட்டால் சோகம் இலவசமாக வந்துவிடும். வெட்டிய விதத்தில் சோகம் இருக்கிறதா என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு தொல்லை, அதையே வாரக்கணக்கில் கேட்ட டைரக்டர், இசையமைப்பாளரிடம் போய் ‘அதே மாதிரி’ கேட்பார். பாவம், அவர்.

படம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

ஆஸ்கர் விதிப்படி டைட்டில் உட்பட 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும்படம். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு டைட்டிலோடு சேர்த்து 15 நிமிடம்தான். வாசல் அளவு இப்படி ஆளுக்கு ஆள் மாறும். அனுப்ப நினைக்கும் விழாவின் விதியை எடிட்டிங் தொடங்கும்போதே படித்துவிடுங்கள். நிகழ்ச்சித் தொகுப்பில் ஒரு மணி நேரத்துக்குள் பல படங்களை அடைக்க வேண்டியிருப்பதால், 25 நிமிடப் படத்தைவிட 12 நிமிடப் படத்துக்கு இடம் கிடைப்பது சுலபம். அதற்காக மூச்சு முட்ட வெட்ட வேண்டியதில்லை. 8 நிமிடத்திலும் லேக் அடிக்கும் படங்கள் இருக்கின்றன.

டைரக்டரே எடிட் செய்யலாமா?

செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். ஆள் கிடைத்தால் வேறொருவரிடம் கொடுங்கள் என்பேன். ஷூட்டிங்கில் இல்லாத ஒருவருக்கு எந்த ஷாட் யாருடைய வியர்வை என்று தெரியாது, அதனால் கை கூசாமல் தூக்குவார். நீங்களேதான் வெட்ட வேண்டும் என்றால், ரஃப் கட்டுக்குப் பிறகு சில நாள் படத்தைத் தொடாதீர்கள். திரும்பி வந்து உட்காரும்போது மானிட்டரில் பார்க்காமல் டிவியில் போட்டு, கையில் மௌஸ் இல்லாமல், கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள்.

எடிட்டரும் டைரக்டரும் முட்டிக்கொண்டால் வாய்ச்சண்டையால் பயனில்லை. இரண்டு விதமாகவும் வெட்டி அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டூப்ளிகேட் டைம்லைன் எடுக்கச் செலவில்லை.

யாரிடம் போட்டுக் காட்டுவது? என்ன கேட்பது?

ஸ்கிரிப்ட் படிக்காதவர்களிடம். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கதையை உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே வேலை இருக்கிறது. தம்பி ஏன் வீட்டை விற்கிறான் என்ற காரணத்தை அவர்களாகவே தப்பாக ஊகித்திருந்தால், வாய் திறந்து திருத்தாதீர்கள். எந்த ஷாட் அப்படி நினைக்க வைத்தது என்று மட்டும் கேளுங்கள். படம் ஓடும்போது திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். உடம்பு சாய்வதும் கை மொபைலுக்குப் போவதும் எந்த நிமிடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் சொல்லும் தீர்வுகளை அப்படியே கேட்க வேண்டாம். ‘கடைசி சீன் இழுவை’ என்று மூன்று பேர் சொன்னால் இழுவை நிஜம்தான், ஆனால் காரணம் இரண்டு சீனுக்கு முன்னால் இருக்கலாம்.

பிக்சர் லாக் ஆன பிறகு, அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவான பிறகு, சவுண்டுக்கும் கலருக்கும் என்ன கொடுக்க வேண்டும்?

சவுண்டுக்கு: ஏஏஎஃப் ஃபைல் (டைம்லைனில் உள்ள ஆடியோவை சவுண்ட் சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோவது), ஒவ்வொரு கிளிப்பின் இரு பக்கமும் சில நொடி கூடுதல் ஆடியோவுடன். திரையில் டைம்கோட் (மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் எண்) ஓடும் ஒரு வீடியோ. படத்தின் முதல் ஃப்ரேமுக்குச் சரியாக 2 நொடி முன்னால் ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ஒரு பீப். திரும்பி வரும் மிக்ஸைப் படத்தோடு பொருத்த அதுதான் அடையாளம். ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

கலருக்கு: எக்ஸ்எம்எல் ஃபைல் (எந்த ஷாட் எங்கே வெட்டப்பட்டது என்ற பட்டியல்), ஒரிஜினல் ஃபுட்டேஜ், ஒப்பிட்டுப் பார்க்க நீங்கள் வெட்டி முடித்த வீடியோ (ஆஃப்லைன்). ஸ்பீடு மாற்றிய ஷாட், ஜூம் செய்த ஷாட் எல்லாவற்றையும் தனியாக எழுதிக் கொடுங்கள். இவைதான் மாற்றிக் கொடுக்கும்போது வழியில் உதிரும்.

சப்டைட்டில் லாக்குக்குப் பிறகுதான். இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். கட்டைத் தாண்டி ஒரு சில ஃப்ரேம் நீட்டிக்கொண்டிருக்கும் சப்டைட்டிலை அந்தக் கட்டிலேயே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஷாட் மாறியதும் கண் அதே வரியை மறுபடி முதலிலிருந்து படிக்கப் போகும்.

தியேட்டரில் திரையிடப் போகிறோம். டிசிபி (தியேட்டர் புரொஜெக்டருக்கான ஃபைல் தொகுப்பு) வேண்டும் என்கிறார்கள்.

24 ஃப்ரேமில் எடுத்திருந்தால் தலைவலி குறைவு. 2கே டிசிபியில் ஃப்ளாட் (சாதாரண அகலத் திரை) என்றால் 1998×1080, ஸ்கோப் (கூடுதல் அகலம்) என்றால் 2048×858. சாதாரண 1920×1080 படம் ஃப்ளாட்டுக்குள் இருபுறமும் மெல்லிய கறுப்புப் பட்டையோடு உட்காரும். 25 ஃப்ரேமில் இருந்தால் 24-க்கு மெதுவாக்கும்போது படம் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேலே நீளும், சவுண்டையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். எது எப்படியானாலும், திரையிடலுக்கு முன் அந்த அரங்கிலேயே சில நிமிடமாவது ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஹெட்போனில் தெளிவாகக் கேட்ட வசனம் அங்கே இசைக்குள் அமுங்கிக் கிடக்கும்.

லாக் செய்துவிட்டோம். ஆனால் ஒரு ஷாட்டை மாற்றியே ஆக வேண்டும் போல இருக்கிறது.

அதே நீளத்தில், ஃப்ரேம் கணக்குப் பிசகாமல், படத்தை மட்டும் மாற்றுவதென்றால் மாற்றுங்கள்; கலர் செய்கிறவருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீளம் ஒரு ஃப்ரேம் மாறினாலும் அதற்குப் பின்னால் உள்ள ஃபோலி (பிறகு பதிவு செய்து சேர்க்கும் காலடி போன்ற சத்தங்கள்), இசை, சப்டைட்டில் எல்லாம் நகர வேண்டும். அப்படியானால் டைம்லைனைத் திறக்கும் முன் சவுண்ட் டிசைனருக்குப் போன் செய்து, அவர் எதுவரை முடித்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.